ஆண் என்று வாங்கியது முட்டையிட்டால்: பியர்டட் டிராகன் முட்டைகளை வீட்டில் பொரிக்கும் முறை

ஆண் என்று சொல்லி விற்கப்பட்ட பியர்டட் டிராகன் ஒரு நாள் கூண்டின் மூலையைத் தோண்டி முட்டையிடும். இது அபூர்வம் அல்ல. குட்டியாக இருக்கும்போது ஆண், பெண் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். இன்னொன்று, ஆணோடு ஒருமுறை சேர்ந்த பெண் அந்த விந்தைத் தன் உடலில் சேமித்து வைத்து, பின்னால் பல ஈடுகள் முட்டையிடும். நீங்கள் வாங்கி ஒரு மாதம் தனியாக வளர்த்ததால் அது கன்னி என்று ஆகிவிடாது. மூன்றாவது, ஆணையே பார்க்காத பெண்ணும் முட்டையிடும். அவை கருவற்ற முட்டைகள், பொரியாது. மூன்றில் எது உங்கள் வீட்டில் நடந்திருந்தாலும் முதல் நாள் செய்யவேண்டியது ஒன்றுதான். அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

முட்டையைப் புரட்டாதீர்கள். கழுவாதீர்கள். வெயிலிலோ விளக்கடியிலோ வைக்காதீர்கள்.

மற்றதையெல்லாம் நிதானமாகப் படித்துச் செய்யலாம். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை உள்ள அறையில், ஈரமான மண்ணுக்குள், முட்டைகள் ஒன்றிரண்டு நாள் இருந்தால் கெட்டுப்போகாது. அவசரப்பட்டு ஏதாவது சூடான இடத்தில் வைப்பதால்தான் பெரும்பாலும் சாகின்றன.

முதலில் ஒரு முடிவு: பொரிக்க வேண்டுமா?

ஓர் ஈட்டில் சாதாரணமாக 15 முதல் 30 முட்டைகள் இருக்கும். எல்லாம் பொரித்தால் இருபது குஞ்சு. ஒவ்வொன்றும் நாளுக்கு 20, 30 சிறு பூச்சிகளைத் தின்னும். அதாவது தினமும் நானூறு முதல் அறுநூறு பூச்சிகள். ஒரே தொட்டியில் போட்டால் ஒன்றின் விரலை, வாலை இன்னொன்று கடித்துத் துண்டாக்கும். சில வாரங்களில் நான்கைந்து தொட்டியாவது தேவைப்படும். ஒவ்வொரு தொட்டிக்கும் வெப்ப விளக்கு, யுவிபி விளக்கு. வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்களா? “யாராவது கேட்பார்கள்” என்பது பதில் ஆகாது.

தாயும் தந்தையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை என்றால் உடன்பிறப்புகளாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஈட்டைப் பொரிக்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

பொரிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தால், முட்டையிட்ட அன்றே இறுக மூடிய பையில் போட்டு உறைபெட்டியில் ஒரு முழு நாள் வைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள். கரு அப்போது தொடக்க நிலையில்தான் இருக்கும். மூன்று வாரம் ஓடவிட்டு மனம் மாறுவது சரியல்ல. முடிவை இன்றே எடுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் குஞ்சுகளைத் தோட்டத்திலோ காட்டிலோ விடக்கூடாது. வளர்ப்பிலிருந்து வெளியேறிய பச்சை இகுவானா ஃப்ளோரிடாவிலும் தைவானிலும் இன்று அடக்க முடியாத தொல்லையாகிவிட்டது.

சட்டம்: ஒரு நிமிடம்

இந்தியாவில் உடும்பு முதலான உள்நாட்டு உயிரினங்களை வீட்டில் வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றின் முட்டைக்கும் அதே விதி. வெளிநாட்டு இனங்களில், சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை) பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பதையும் அவை ஈனும் குஞ்சுகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பச்சை இகுவானா அந்தப் பட்டியலில் உண்டு. உங்களிடம் இருப்பது எந்த இனம், பட்டியலில் உள்ளதா என்பதைப் பொரிப்பதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். பிற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பாருங்கள்; சில நாடுகளில் ஊர்வன வளர்ப்பே கூடாது.

தாயைக் கவனியுங்கள்

முட்டையைக் கண்ட பரபரப்பில் தாயை மறந்துவிடுவார்கள். வயிறு காலியாகி, தோல் தொங்கி, கண் உள்வாங்கிக் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில், தோள் மூழ்காத ஆழத்தில், பத்து நிமிடம் விடுங்கள், குடிக்கும். அன்று மாலையே கால்சியம் தூவிய பூச்சிகளைக் கொடுங்கள். ஆண் இருந்தால் இன்றே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள்.

வயிற்றில் இன்னும் கோலிக்குண்டு போலக் கட்டிகள் தட்டுப்படுகின்றனவா என்று விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள், அழுத்தக் கூடாது. தட்டுப்பட்டு, அது முக்கிக்கொண்டோ, பின்னங்கால் தள்ளாடியோ, தோண்டுவதை விட்டுவிட்டுத் துவண்டோ கிடந்தால் முட்டை அடைப்பு என்று கொள்ளுங்கள். வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

முட்டைகளை எடுத்தல்

தேவை: மென்மையான பெயிண்ட் பிரஷ், 2பி பென்சில், ஒரு ஸ்பூன், கையுறை.

1. தாயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சில தாய்கள் மூடிய குழியைக் காக்க மறுபடி மறுபடி வரும்.
2. மணலை விரலால் தள்ளாமல் பிரஷால் ஓரத்திலிருந்து ஒதுக்குங்கள். முதல் முட்டை தெரிந்ததும் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.
3. முட்டையை அசைப்பதற்கு முன், மேலே தெரியும் பக்கத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதுங்கள். பேனா, மார்க்கர் வேண்டாம். மை தோலுக்குள் இறங்கும்.
4. எண் மேலே இருக்கும்படியே தூக்கி, மேலே இருக்கும்படியே வையுங்கள். இட்டு ஒரு நாள் ஆவதற்குள் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன்பின் புரட்டினால் கரு மூழ்கிச் செத்துப்போகலாம்.
5. ஒட்டிக்கிடக்கும் முட்டைகளைப் பிரிக்காதீர்கள். கொத்தாகவே எடுங்கள்.
6. ஒட்டிய மணல் அப்படியே இருக்கட்டும்.

கோழிமுட்டையை அடைகாத்துப் பழகியவர்களுக்கு நாலாவது படிதான் தடுக்கும். கோழிமுட்டையைத் திருப்ப வேண்டும். பல்லிமுட்டையைத் திருப்பக் கூடாது. இதனால்தான் கடையில் விற்கும் கோழி இன்குபேட்டரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதன் தட்டு தானாகவே திரும்பும், வெப்பமும் 37.5 டிகிரியில் நிற்கும். இரண்டுமே கொல்லும்.

நல்ல முட்டை வெள்ளையாக, தொட்டால் தோல்போல் இறுக்கமாக, இரண்டரை செ.மீ. அளவில் இருக்கும். மஞ்சளாக, சிறுத்து, கொழகொழவென்று இருப்பவை பெரும்பாலும் கருவற்றவை. ஆனால் முதல் நாளே எதையும் தூக்கி எறியாதீர்கள். சுருங்கிக் கிடந்தது ஈரம் கிடைத்து இரண்டு நாளில் உப்பி வருவதும் உண்டு.

முட்டை டப்பா

இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளே தெரியும்படி இருந்தால் நல்லது. மூடியில் சூடான ஊசியால் மூன்று, நான்கு துளைகள் போதும்.

படுகைக்கு வெர்மிகுலைட் வாங்குங்கள். மாடித்தோட்டப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மலிவாக இருக்கிறதே என்று தேங்காய் நார்க்கழிவைப் போடுபவர்கள் உண்டு. அது பூஞ்சை பிடிக்கும், எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணிக்கவும் முடியாது. ஆற்றுமணல் கனமாகி முட்டையை நெருக்கும்.

1. சமையலறைத் தராசில் 200 கிராம் வெர்மிகுலைட், 200 கிராம் நீர். எடைக்கு எடை, டம்ளர் அளவு அல்ல.
2. நன்றாகக் கலந்து ஒரு கைப்பிடியை இறுகப் பிடியுங்கள். பிடி உதிராமல் நிற்க வேண்டும். ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வடியக் கூடாது. வடிந்தால் இன்னும் கொஞ்சம் உலர்ந்ததைச் சேருங்கள்.
3. டப்பாவில் 5 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். அழுத்த வேண்டாம்.
4. கட்டைவிரலால் குழி போட்டு, முட்டை பாதி புதையும்படி வையுங்கள். நடுவில் 2 செ.மீ. இடைவெளி.
5. மூடி, முழு டப்பாவையும் எடைபோட்டு, எடையையும் தேதியையும் மூடியில் ஒட்டிய தாளில் எழுதுங்கள்.

இந்த எடையே உங்கள் ஈரமானி. வாரம் ஒருமுறை எடைபோடுங்கள். 10 கிராம் குறைந்திருந்தால் 10 மில்லி வெதுவெதுப்பான நீரை டப்பாவின் ஓரமாக, முட்டையில் படாமல், சிரிஞ்சால் விடுங்கள். ஈரப்பதம் காட்டும் மலிவான கருவிகள் இவ்வளவு ஈரமான டப்பாவுக்குள் நம்பகமாக வேலை செய்வதில்லை. தராசு பொய் சொல்லாது.

சூடு: எல்லாமே இதில்தான்

இலக்கு 29 டிகிரி. 28-க்கும் 30-க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. 26-க்கு ஒரு நாள் இறங்கினால் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவே. 32-ஐத் தாண்டுவதுதான் ஆபத்து; 35, 36-இல் சில மணி நேரம் நின்றால் ஈடே போகும்.

வெப்பத்தை ஏற்றி ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கலாம் என்று லெபர்ட் கெக்கோ வளர்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டு இங்கே முயலாதீர்கள். டிராகனின் பாலினம் குரோமோசோமில் இருக்கிறது. 32 டிகிரிக்கு மேல் அடைகாத்தால் மரபில் ஆணாக இருக்கவேண்டியவை பெண்ணாகப் பிறக்கின்றன என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்துக்கு அது சுவாரசியம். உங்கள் வீட்டில் அது வெறும் அதிக வெப்பம்.

*தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டர்*

மீன் அனுப்பப் பயன்படும் கெட்டியான தெர்மாகோல் பெட்டி, 100 வாட் மீன்தொட்டி ஹீட்டர், இரண்டு செங்கல், வெளியே திரை உள்ள சென்சார் வெப்பமானி இரண்டு, ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட்.

1. பெட்டிக்குள் செங்கற்களை வைத்து, அவற்றின் மேல்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே வரை நீர் ஊற்றுங்கள். ஹீட்டர் நீருக்குள் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். செங்கலைப் படுக்கவைத்து நீர் போதவில்லை என்றால் நிறுத்திவையுங்கள்.
2. செங்கல்மீது முட்டை டப்பா. நீர் அதைத் தொடக் கூடாது.
3. ஒரு சென்சார் டப்பாவுக்குள், முட்டை மட்டத்தில். மற்றொன்று டப்பாவுக்கு வெளியே காற்றில்.
4. ஹீட்டரின் திருகை 30-இல் வைத்து, முட்டை இல்லாத டப்பாவோடு ஒரு நாள் ஓட்டுங்கள். டப்பாவுக்குள் காட்டும் அளவு நீரைவிடக் குறைவாகவே இருக்கும். அரை அரை டிகிரியாக மாற்றி 29-க்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நாலு மணி நேரம் பொறுங்கள்.
5. தெர்மோஸ்டாட்டை ஹீட்டருக்கு மின்சாரம் போகும் வழியில் மாட்டி, அதன் சென்சாரை டப்பா அருகே வைத்து, 31-இல் துண்டிக்கும்படி அமையுங்கள்.

ஐந்தாவது படியைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். அன்றாட வேலையை ஹீட்டரின் திருகு செய்யும், தெர்மோஸ்டாட் காவலுக்கு. மலிவான ஹீட்டர்கள் பழுதானால் அணையாமலே நின்றுவிடுவது வழக்கம்.

குறிப்பு: வெப்பமானியை நம்புவதற்குமுன் சோதியுங்கள். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒன்றாக முக்கி, 37 டிகிரியை ஒட்டி இரண்டும் என்ன காட்டுகின்றன என்று பாருங்கள். வித்தியாசத்தைப் பெட்டிமேல் எழுதி ஒட்டுங்கள்.

பாதுகாப்பு: நீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. கையை உள்ளே விடுமுன் ஹீட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயரை, நடுவில் கீழே தொங்கி பிறகு மேலேறிச் சாக்கெட்டுக்குப் போகும்படி விடுங்கள். ஒயர் வழியே இறங்கும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். மின்கசிவைத் துண்டிக்கும் கருவி இல்லாத வீட்டில் இந்த அமைப்பு வேண்டாம்.

*சித்திரை, வைகாசியில்*

இணையத்தில் கிடைக்கும் வழிமுறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டவர் எழுதியவை. அவர்களுக்குக் கவலை எப்படிச் சூடேற்றுவது என்பது. டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்கு அவை பொருந்தும். சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் கோடையில் கவலை நேர் எதிர். கான்கிரீட் கூரைக்கு அடியில் உள்ள மாடியறை பிற்பகலில் 35 டிகிரியைத் தாண்டும். ஹீட்டரை அணைத்துவைத்தாலும் பெட்டி மெல்ல அதைத் தொட்டுவிடும்.

ஏசி அறையில், 26-இல் வைத்துப் பெட்டியைச் சூடேற்றுவதே சரியான வழி. ஏசி இரவில் மட்டும் ஓடும் வீடானால், தரைத்தளத்தில் மேற்குச் சுவர் ஒட்டாத அறையைத் தேர்ந்து, பெட்டியில் நீரின் அளவைக் கூட்டுங்கள். நீர் அதிகமானால் வெப்பம் ஏறுவதும் மெதுவாகும். உறைந்த நீர்பாட்டிலைத் துணியில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியின் நீருக்குள் வைப்பது அவசரத்துக்கு உதவும். அதையே தினசரி வழக்கமாக்கினால் வெப்பம் மேலும் கீழும் ஆடும். இவை எதுவும் முடியாத வீட்டில் மே மாத ஈட்டைப் பொரிக்க முயல வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மின்தடை பெரிய ஆபத்தல்ல. மூடியைத் திறக்காமல் விட்டால் பெட்டிநீர் பல மணி நேரம் சூட்டைப் பிடித்து நிற்கும். பதற்றத்தில் வெந்நீர் ஊற்றுபவர்கள்தான் ஈட்டை இழக்கிறார்கள்.

நாட்கணக்கு

29 டிகிரியில் 55 முதல் 75 நாள். இந்தக் காலம் முழுவதும் உங்கள் வேலை மிகச் சொற்பம்: தினமும் வெப்பமானியைப் பார்ப்பது, வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து காற்று மாற்றி, எடைபோடுவது. மூடியின் உட்புறம் நீர்த்துளி தேங்கினால் டிஷ்யூவால் துடையுங்கள். முட்டைமேல் நேராகச் சொட்டும் நீர் அதை மூச்சுத்திணற வைக்கும். டப்பாவைச் சற்றே சாய்த்துவைத்தால் துளிகள் ஓரத்துக்கு ஓடிவிடும்.

*8 முதல் 10-ஆம் நாள்: ஒளியில் பார்த்தல்.* அறையை இருட்டாக்கி, கைப்பேசி டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். முட்டையைத் தூக்க வேண்டாம். இளஞ்சிவப்பு ஒளிர்வும் அதற்குள் மெல்லிய சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு உண்டு. ஒரே மாதிரி மஞ்சளாகத் தெரிந்தால் இல்லை. சந்தேகமானதை இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். பார்த்தே ஆகவேண்டும் என்று தினமும் டார்ச் அடிப்பது முட்டைக்கு எந்த விதத்திலும் உதவாது.

*பூஞ்சை பிடித்தால்:* தனித்திருக்கும் கெட்ட முட்டையை எடுத்துவிடுங்கள். நல்லதோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். பஞ்சு நுனியால் பூஞ்சையை மட்டும் துடைத்துவிட்டு விடுங்கள். உயிருள்ள முட்டை பக்கத்தில் உள்ள பூஞ்சையைத் தாங்கும்.

*குழி விழுந்தால்:* முதல் மாதத்தில் என்றால் ஈரக்குறைவு. ஓரமாக நீர் விடுங்கள். இரண்டு மூன்று நாளில் நிமிரும். கடைசி வாரத்தில் குழி விழுவதும், ஓட்டின்மேல் வியர்வைபோல் துளிகள் அரும்புவதும் பொரியப்போவதன் அடையாளம். அப்போது நீர் விடக் கூடாது.

பொரியும் நாள்

முட்டையின் ஒரு முனையில் மெல்லிய கீறல் விழும், பிறகு மூக்கு வெளியே வரும். அதோடு நின்றுவிடும். மூக்கை வெளியே நீட்டியபடி ஒரு நாள் முழுக்க, சிலசமயம் ஒன்றரை நாள், அசையாமல் கிடக்கும். மஞ்சள் கருவின் மிச்சத்தை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. பொறுமையிழந்து ஓட்டைக் கிழித்தால் மஞ்சள் கருவின் பை கிழிந்து, நல்ல குஞ்சு ரத்தம் கசிந்து சாகும்.

வெளியே வந்த குஞ்சின் நீளம் வாலோடு சேர்த்து 10 செ.மீ. இருக்கும், எடை 2, 3 கிராம். ஈரமான டிஷ்யூ விரித்த இன்னொரு டப்பாவில் அதே பெட்டிக்குள் ஒரு நாள் வையுங்கள். தொப்புளில் சிறு பை தொங்கினால் அது தானாக உலர்ந்து விழும்.

பிறகு தொட்டிக்கு மாற்றலாம். தரையில் டிஷ்யூ மட்டும், மணல் வேண்டாம். ஒரு முனையில் வெப்ப விளக்கு, யுவிபி விளக்கு, காலையும் மாலையும் நீர்த்தெளிப்பு. முதல் இரண்டு மூன்று நாள் தின்னாது. அதன்பின் குஞ்சின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடச் சிறிய பூச்சிகளை, கால்சியம் தூவி, நாளுக்கு நாலைந்து முறை கொடுங்கள். வாரம் ஒருமுறை அளவு பார்த்துப் பெரியவற்றைப் பிரித்து வையுங்கள். முழு வளர்ப்பு முறை அடுத்த அத்தியாயத்தில்.

முட்டை, குஞ்சு, தாய் எதைத் தொட்டாலும் சோப்பால் கை கழுவுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் ஊர்வனவும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தொடக் கூடாது. பெட்டியையும் டப்பாவையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். கலவை அளந்த கிண்ணமும் இனிச் சமையலுக்கு இல்லை.

வேறு இனம் என்றால்

* லெபர்ட் கெக்கோ: ஈட்டுக்கு 2 முட்டை. 26 டிகிரியை ஒட்டி அடைகாத்தால் பெரும்பாலும் பெண், 32-ஐ ஒட்டினால் பெரும்பாலும் ஆண். சாதாரணமாக இரண்டு மாதத்துக்குள் பொரியும்.
* கிரெஸ்டட் கெக்கோ: 2 முட்டை. 22 முதல் 26 டிகிரி போதும். தமிழ்நாட்டில் ஏசி இல்லாமல் நடக்காது.
* வெயில்ட் கேமிலியன்: 24 முதல் 28 டிகிரி. ஆறு முதல் ஒன்பது மாதம் பொறுமை வேண்டும்.
* சாமிப்படத்துக்குப் பின்னால் உருண்டையாக, ஓடு கெட்டியாக இரண்டு முட்டை கிடந்தால் அது நம் வீட்டுப்பல்லியுடையது. அதற்கு இன்குபேட்டர் தேவையில்லை. படத்தை நகர்த்தாமல் இருந்தால் போதும்.

பொரியாமல் மிஞ்சியவை, அடுத்த ஈடு

ஒரே ஈட்டில் முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் சில நாள் இடைவெளி இருக்கும். மற்றவை பொரிந்து இரண்டு வாரம் கழிந்தும் வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும் முட்டையை விட்டுவையுங்கள்; நாறத் தொடங்கியதை எடுங்கள்.

இதற்கிடையில், முதல் ஈடு இட்ட மூன்று, நான்கு வாரத்திலேயே தாய் மறுபடி தோண்டத் தொடங்கலாம். ஆண் அருகில் இல்லாவிட்டாலும் அந்த முட்டைகளில் கரு இருக்கலாம். அதற்கு 25 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் ஈரமணல் நிரப்பிய, அது உள்ளே முழுதும் புகுந்து திரும்பக்கூடிய பெட்டி ஒன்றை இப்போதே கூண்டில் வைத்துவிடுங்கள். தோண்ட இடம் இல்லாமல் முட்டையை அடக்கிவைத்துக்கொண்டுதான் பல பெண் டிராகன்கள் மருத்துவரின் மேசைக்கு வருகின்றன.